ஒலக்கூரில் ஓர் எண்ணெய் விசாரம்

எள்ளின் நெய்தான் எண்ணெய் என்று தமிழ்ப் பண்டிதர்கள் சொல்லுவார்கள். ஆனால் திண்டிவனம் தாலுகாவில் அந்தப் பொருள் செல்லாது. அங்கே எண்ணெய் என்றால் மணிலாக் கொட்டையின் எண்ணெய். மணிலாக் கொட்டை என்று காகிதத்தில் எழுதினாலும் வாயால் சொல்லும்போது அது மல்லாட்டைதான். சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் தொழுப்பேட்டைத் தாண்டி ஒலக்கூரை நெருங்கும்போது, பருவம் சரியாயிருந்தால், இரு புறமும் மல்லாட்டைச் செடி பசேலென்று படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். பழைய தென்னாற்காடு ஜில்லாவின் செல்வம் அதுவே. புதுச்சேரித் துறையில் மூட்டை மூட்டையாய்க் கப்பலேறி, பிரான்ஸு தேசத்து மார்ஸேல்ஸ் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்த காலமும் உண்டு.

அத்தகைய ஊரிலிருந்து ஓர் அன்பர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி இரண்டு கேள்விகள் கேட்டாளாம். பூமிக்கடியிலிருந்து எடுப்பது தார் போன்ற கரிய எண்ணெய் என்கிறார்களே, அதிலிருந்து அடுப்பில் நீலமாய் எரியும் வாயு எப்படி வருகிறது என்பது முதற் கேள்வி. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் அவ்வளவு பெரிய எண்ணெய்ச் சுத்தி ஆலை இருக்கும்போது, அந்த வாயு அரபு தேசத்திலிருந்து கப்பலில் வரவேண்டிய அவசியம் என்ன என்பது இரண்டாவது. வீட்டில் சிலிண்டர் இருந்தும், அதன் விலைக்கு அஞ்சி, மருமகள் கொல்லைப்புறத்தில் மறுபடியும் மண்ணடுப்பு வைத்து வேலிகாத்தான் விறகை எரிக்கிறாளாம். அந்தப் புகையில் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வி பேத்தியுடையது, இருமல் மருமகளுடையது, தபால் செலவு மட்டுமே தம்முடையது என்று முடித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு அரசியலுக்குப் போய்விடுவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆகையால் இந்த வாரம் முழுவதும் எண்ணெய்தான்.

கச்சா எண்ணெய் என்பது ஒரு வஸ்து அல்ல, ஒரு கூட்டம். கரியணுக்களும் நீரகவணுக்களும் சேர்ந்த சங்கிலிகள் அதில் கோடானுகோடி கலந்து கிடக்கின்றன. பூக்கடையில் முழச் சரமும் இருக்கும், நான்கு பூக்கொண்ட துண்டுச் சரமும் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான். மூன்று அல்லது நான்கு கரியணு கொண்ட சின்னஞ்சிறு சரம் சமையல் வாயு. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை கொண்டது ஏறக்குறையப் பெட்ரோல். அதற்கும் சற்று நீளமானது மண்ணெண்ணெய். இன்னும் நீண்டால் டீஸல். இருபது, முப்பது, நாற்பது என்று நீண்டுகொண்டே போனால் கனத்த எண்ணெயும், மெழுகும், கடைசியில் சாலைக்கு ஊற்றும் தாரும்.

நீளம் கூடக் கூடக் கொதிக்கும் சூடும் கூடுகிறது. ஆலைக்காரர்கள் முதலில் செய்வதெல்லாம் இவற்றைத் தரம் பிரிப்பதுதான். கச்சா எண்ணெயைக் காய்ச்சி ஓர் உயரமான கோபுரத்தில் விட்டால், இலேசானவை ஆவியாகி உச்சிக்குப் போகும். கனமானவை அடியில் தங்கும். பன்னீர் வடிக்கிற முறைதான், அளவுதான் பெரிது. ஆனால் இந்த வடிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. அடியில் தங்கும் கனத்த எண்ணெயை இன்னும் ஆவியாக்கலாமென்று சுமார் 370 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கினால், அது கொதிப்பதற்கு முன்பே சிதையத் தொடங்கிவிடும். எனவே காற்றை உறிஞ்சிவிட்ட வெற்றிடக் கோபுரத்தில் இட்டுக் குறைந்த சூட்டிலேயே அதை வடிக்கிறார்கள். இவ்வளவு செய்தும், பூமியிலிருந்து எந்த விகிதத்தில் வந்ததோ அந்த விகிதத்தில்தான் பெட்ரோலும் டீஸலும் கிடைக்கும். செக்கில் எவ்வளவு ஆட்டினாலும் பிண்ணாக்கு எண்ணெயாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உலகத்துக்கு வேண்டியதெல்லாம் விளக்கெரிக்க மண்ணெண்ணெய். பெட்ரோல் சீக்கிரம் தீப்பற்றும் உபத்திரவப் பொருளாகவே இருந்தது. அதை ஆற்றில் கொட்டியவர்கள்கூட உண்டு. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டதே, அப்போது பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தாம். தென்னிந்தியாவில் அரிக்கேன் விளக்குகளுக்குப் போக வேண்டிய எண்ணெய் ஓர் இரவில் வாணவேடிக்கை ஆயிற்று. அன்று முதல் சாமர்த்தியக்காரனுக்கெல்லாம் எம்டன் என்று தமிழில் பட்டம் கிடைத்தது. பாஷைக்கு ஒரு சொல் கிடைத்தது. எண்ணெய் போனது போனதுதான்.

பிறகு மோட்டார் வண்டி வந்தது. உபத்திரவப் பொருளாயிருந்த பெட்ரோலுக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. கிராக்கி ஏற்பட்டதனால்தான் ‘கிராக்கிங்’ ஏற்பட்டது என்று சொன்னால், பாஷா சாஸ்திரிகள் நம்மைக் கோபிக்கலாம். சரித்திரம் நம் பக்கம் இருக்கிறது. கிராக்கிங் என்றால் பிளப்பது. நீண்ட சங்கிலியைத் துண்டு போட்டுச் சிறிய சங்கிலிகளாக்குவது. அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் என்பவர், கனத்த எண்ணெயை அழுத்தத்தில் வைத்து மிகுந்த சூடேற்றிப் பிளக்கும் முறைக்கு 1913-ல் உரிமை பெற்றார். ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. ஆனால் வெறும் சூட்டினால் பிளப்பது, விறகு பிளக்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கோடரி போடுவது மாதிரி. எங்கே பிளக்கும், எப்படிப் பிளக்கும் என்று நிச்சயமில்லை. கரி நிறைய விழும். கிடைக்கும் பெட்ரோலும் அவ்வளவு உயர்ந்த ரகமல்ல.

கண்கட்டை அவிழ்த்துவிட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். யூஜீன் ஊட்ரி என்று பெயர். 1892-ல் பிறந்தவர், உருக்கு வியாபாரம் செய்த செல்வரின் புதல்வர். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் சேர்ந்து காயமடைந்தார். மோட்டார்ப் பந்தயத்தில் அவருக்குப் பைத்தியமே உண்டு. இதைவிட நமக்கு முக்கியமான விஷயம் வேறு. பிரான்ஸு தேசத்தில் நிலக்கரி இருந்தது; எண்ணெய் இல்லை. அடுத்த போர் வந்தால் தம் தேசம் அந்நியரிடம் எண்ணெய்க்குக் கையேந்த நேருமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. மட்டரகமான பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க முயன்றார். அரசாங்கமும் சிறிது காலம் ஆதரித்தது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்ததும் கையை விரித்துவிட்டது. சுதேசிக் கைத்தொழில்களுக்கு அரசாங்கங்கள் தரும் ஆதரவு எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

நிலக்கரியை விட்டுவிட்டு ஊட்ரி கனத்த எண்ணெயைக் கையிலெடுத்தார். நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாய் எண்ணெயின் ஆவியோடு சேர்த்துச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது என்ன? தங்கமா, பிளாட்டினமா? இல்லை. களிமண்! அமிலத்தில் பதப்படுத்திய ஒருவகைக் களிமண். மணற்சத்தும் அலுமினியச் சத்தும் சேர்ந்தது. இனிமேல் ஒருவனை ‘உன் தலையில் இருப்பது களிமண்’ என்று வைவதற்கு முன்னால் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் களிமண் பரப்பில் நீண்ட சங்கிலி வந்து படிந்தால், குறைந்த அழுத்தத்திலேயே ஒழுங்காகத் துண்டாகிறது. துண்டுகள் கிளைவிட்ட வடிவங்களாகவும் மாறுகின்றன. அப்படிப்பட்ட பெட்ரோல் எஞ்சினில் ‘டக் டக்’ என்று தட்டாமல் சீராய் எரியும். களிமண்ணோ வேலையைச் செய்துவிட்டுத் தான் மாறாமல் நிற்கிறது. இத்தகைய வஸ்துவைத்தான் கிரியா ஊக்கி என்கிறோம். வந்த பெட்ரோலைத் தமது புகாட்டிப் பந்தய மோட்டாரில் ஊற்றி, மேட்டுச் சாலையில் ஓட்டி வேகத்தை அளந்து பார்த்தாராம் ஊட்ரி.

மாறாமல் நிற்கிறது என்றோம். அது முழு உண்மையல்ல. எண்ணெய் பிளக்கும்போது விழும் கரி களிமண் மீது படிந்து, சில நிமிஷங்களில் அதன் வாயை அடைத்துவிடும். ரஸாயன அறிஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டார்கள். ஊட்ரி விடவில்லை. அடி பிடித்த வாணலியை நம் வீட்டுப் பாட்டிமார் நெருப்பிலேயே கவிழ்த்துச் சுட்டுச் சுத்தம் செய்வார்கள் அல்லவா? அதே யோசனை. காற்றைச் செலுத்திக் கரியைக் கொளுத்திவிட்டால் களிமண் மறுபடியும் புதிதாகிவிடும். ஒரு பாத்திரத்தில் எண்ணெய் பிளந்துகொண்டிருக்க, இன்னொன்றில் கரி எரிய, முறை வைத்து மாற்றினார்.

தாய்நாட்டில் ஆதரவில்லாமல் 1930-ல் அமெரிக்கா போனார். 1937-ல் பென்ஸில்வேனியா மாகாணத்து மார்க்கஸ் ஹுக் என்ற ஊரில் ஸன் ஆயில் கம்பெனியார் அவர் முறைப்படி பெரிய ஆலையொன்றை நிறுவினார்கள். கனத்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதி உயர்ந்த ரகப் பெட்ரோலாக மாறிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது நேச தேசங்களின் ஆகாய விமானங்களுக்கு அந்தப் பெட்ரோல் பெரிதும் உதவியது. பிரான்ஸில் ஜெர்மானியருக்கு அடங்கி நடந்த விஷி சர்க்கார் 1941-ல் ஊட்ரியின் பிரஜா உரிமையைப் பறித்தது. எந்தத் தேசத்துக்கு எண்ணெய் இல்லையே என்று வருந்தி ஒரு மனிதர் தம் சொத்தைச் செலவழித்தாரோ, அந்தத் தேசத்தின் சர்க்காரே அவரை அந்நியராக்கிற்று.

இந்த இடத்தில் 1942-ஆம் வருஷத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம்மவர்களுக்கு அது ஆகஸ்டு வருஷம். ஆனால் அந்த வருஷத்து எண்ணெய்க் கதையும் நம்மோடு சம்பந்தப்பட்டதே. மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியதும், பிரிட்டிஷார் சிரியத்தில் இருந்த எண்ணெய் ஆலையைத் தாங்களே கொளுத்திவிட்டு வெளியேறினார்கள். பர்மாவிலிருந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர், மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் அநேகர். பர்மா எண்ணெய் நின்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் மண்ணெண்ணெய் ரேஷன் பொருளாயிற்று. சென்னைக்கு ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற வதந்தியில் ஏப்ரல் மாதம் பட்டணம் காலியாகி, ஜனங்கள் செங்கற்பட்டு, தென்னாற்காடு ஜில்லாக் கிராமங்களுக்கெல்லாம் ஓடினார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரிவாயு அடுப்பைக் கட்டினார்கள். கரிவாயு பஸ்ஸில் பிரயாணம் செய்த பெரியவர்கள் சொல்லக் கேட்டால் தெரியும்: புறப்படுவதற்கு முன் ஒருவர் அரைமணி நேரம் காற்றாடியைச் சுற்ற வேண்டும், மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் பணத்தில் மட்டும் தள்ளுபடி கிடையாது.

அதே வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்து பாட்டன் ரூஜ் நகரில் ஒரு புதுவிதமான ஆலை ஓடத் தொடங்கிற்று. இன்றைக்கு மணலியில் இருப்பது அதன் வமிசந்தான். ஊட்ரியின் முறையில் களிமண் ஒரே இடத்தில் இருந்தது. எண்ணெய்தான் வந்து போயிற்று. மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆசிரியர்களான லூயிஸ், கில்லிலாண்டு ஆகியோரின் ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு, ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் நான்கு பொறியாளர்கள் களிமண்ணையே ஓட வைத்தார்கள். மாவைவிடச் சற்றே கரடான பொடியாக்கி, அடியிலிருந்து ஆவியையோ காற்றையோ செலுத்தினால், அந்தப் பொடி நீரைப் போல் அலையடித்துக் கொதிக்கும். குழாயில் விட்டால் ஓடும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குக் கொட்டும்.

இது விளங்குவதற்கு ஒலக்கூர் ஜனங்கள் எந்தக் காலேஜுக்கும் போகவேண்டாம். மல்லாட்டை வறுக்கிறவரைப் பார்த்தால் போதும். இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சுகிறார். காய்ந்த மணலில் மல்லாட்டையைப் போட்டுக் கிளறுகிறார். மணலின் சூடு கொட்டைக்குள் ஏறுகிறது. சல்லடையில் சலித்ததும் வறுபட்ட கொட்டை மேலே நிற்கிறது. மணல் கீழே விழுந்து மறுபடி சட்டிக்குப் போகிறது. கிராக்கிங் ஆலையில் மணலுக்குப் பதில் ஊக்கிப் பொடி, கொட்டைக்குப் பதில் கனத்த எண்ணெய். சுமார் 700 டிகிரி சூட்டில் இருக்கும் பொடி, நெட்டுக்குத்தான ஒரு குழாயின் அடியில் எண்ணெயைச் சந்திக்கிறது. எண்ணெய் அக்கணமே ஆவியாகி, பொடியையும் வாரிக்கொண்டு மேலே பாய்கிறது. சுமார் 500 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில், இரண்டு மூன்று விநாடிகளுக்குள், பிளப்பு முடிந்துவிடுகிறது. குழாயின் உச்சியில், களத்து மேட்டில் நெல்லும் பதரும் பிரிவதுபோல், ஆவி ஒரு பக்கமும் பொடி ஒரு பக்கமும் பிரிகின்றன. ஆவி வடிகோபுரத்துக்குப் போகிறது. கரி பூசிக் கறுத்துப்போன பொடி அடுத்த பாத்திரத்துக்குச் சென்று, காற்றுப் பட்டுக் கரி எரிந்து, சூடேறிப் புதுப்பொடியாகத் திரும்புகிறது. மல்லாட்டை வறுக்கிறவருக்கு விறகு வேண்டும்; இந்த ஆலையிலோ மணலில் ஒட்டிய கரியே விறகு. எண்ணெயைப் பிளக்க வேண்டிய சூடு, எண்ணெய் விட்டுச் சென்ற அழுக்கிலிருந்தே கிடைத்துவிடுகிறது. இதில் உள்ள சிக்கனத்தை எண்ணி எண்ணி நாம் வியக்கிறோம்.

நூறு கிலோ கனத்த எண்ணெய் இப்படி உள்ளே போனால், சாதாரணமாய் 45 முதல் 50 கிலோ வரை பெட்ரோல் வரும். 15 கிலோ அளவில் சமையல் வாயு. மீதியில் டீஸலோடு சேர்க்கத்தக்க எண்ணெய் கொஞ்சம், அடியில் குழம்பு கொஞ்சம், ஆலைக்குள்ளேயே எரிக்கும் வாயு கொஞ்சம். ஐந்து கிலோ போல் கரியாகிப் பொடியோடு எரிந்துபோகும். 1960-களின் தொடக்கத்தில் மோபில் கம்பெனியின் சார்லஸ் பிளாங்க், எட்வர்டு ரோஸின்ஸ்கி என்ற இருவர், பழைய ஊக்கிப் பொடிக்குப் பதிலாக ஸியோலைட் என்னும், தேன்கூடு போலக் கண்ணுக்குத் தெரியாத அறைகள் கொண்ட படிகத்தைக் கொண்டு வந்த பிறகு, இந்தக் கணக்கு இன்னும் லாபகரமாயிற்று.

ஒலக்கூர்ப் பேத்தியின் முதற் கேள்விக்கு விடை இதுதான். கச்சா எண்ணெயை வெறுமனே வடித்தால் கிடைக்கும் சமையல் வாயு மிகச் சொற்பம். ஒரு காலத்தில் ஆலைச் சூளையில் எரிக்கத்தான் லாயக்கு என்று கருதப்பட்ட கனத்த எண்ணெயைப் பிளந்த பிறகே, அது கணிசமாய் வருகிறது.

இரண்டாவது கேள்வி இவ்வளவு சுலபமல்ல. அதற்கு நம் தேசத்தின் எண்ணெய்ச் சரித்திரம் கொஞ்சம் வேண்டும்.

இந்தியாவின் முதல் எண்ணெய்ச் சுத்தி ஆலை அஸ்ஸாமில் திக்பாயில் 1901-ல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அரை நூற்றாண்டு நம் தேவையில் பெரும் பகுதியை அந்நியக் கம்பெனிகளே வெளியிலிருந்து கொண்டுவந்து விற்றன. சுதந்திரம் வந்த பின்பு, 1951-லும் 1953-லும், மூன்று அந்நியக் கம்பெனிகளோடு நம் சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொண்டது. பம்பாய் டிராம்பேயில் ஸ்டான்வாக் ஆலை 1954-லும், பர்மா ஷெல் ஆலை 1955-லும், விசாகப்பட்டினத்தில் கால்டெக்ஸ் ஆலை 1957-லும் எழுந்தன. இருபத்தைந்து வருஷங்களுக்கு அவற்றைத் தேசிய மயமாக்குவதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் இவற்றை வரவழைக்க முடிந்தது. சொந்த வீட்டில் குடியிருக்கப் பிறரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிய கதை. 1960-ல் ரஷ்யா மலிவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, அதைச் சுத்தி செய்ய முடியாது என்று இந்தக் கம்பெனிகள் மறுத்துவிட்டன. ஆலை நம் மண்ணில் இருந்தாலும் சாவி நம் கையில் இல்லை என்பது அன்றுதான் பலருக்கும் உறைத்தது. குவாஹாத்தியில் 1962-ல் சர்க்காரின் முதல் ஆலை திறக்கப்பட்டது. பரௌனி, கொயாலி, கொச்சி என்று தொடர்ந்து வந்தன. 1974-லும் 1976-லும் அந்த அந்நிய ஆலைகளும் தேசத்தின் சொத்தாயின.

மணலியின் கதை இந்த வரிசையில் வருகிறது. இந்திய சர்க்கார், அமெரிக்காவின் அமோகோ கம்பெனி, ஈரானியத் தேசிய எண்ணெய்க் கம்பெனி மூவரும் சேர்ந்து 1965 டிசம்பரில் ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். 1969-ல் வருஷத்துக்கு 25 லட்சம் டன் சுத்தி செய்யும் ஆலை மணலியில் ஓடத் தொடங்கியது. 1980-களின் நடுவில் ஆலையை விஸ்தரித்தபோதுதான் ஊக்கிப் பொடியால் எண்ணெய் பிளக்கும் பிரிவும் சேர்ந்தது. 2000-ல் ஸ்தாபனத்தின் பெயர் ‘சென்னைப் பெட்ரோலியம்’ என்று மாறிற்று. இப்போது வருஷத்துக்கு ஒரு கோடியே 5 லட்சம் டன் சுத்தி செய்யும் சக்தி அதற்கு உண்டு. மணலியில் புறப்படும் பெட்ரோலும் டீஸலும் 2005 முதல் பூமிக்கடியில் பதித்த குழாய் வழியே திருச்சிக்கும் மதுரைக்கும் செல்கின்றன.

இத்தனை இருந்தும் வாயுவுக்கு ஏன் கப்பலை எதிர்பார்க்கிறோம்? கணக்கு இதோ: 2024-25-ஆம் வருஷத்தில் நம் தேசம் உபயோகித்த சமையல் வாயு ஏறக்குறைய 3 கோடி டன். உள்நாட்டில் உண்டானது ஒரு கோடியே 30 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. பாக்கியெல்லாம் கத்தார், எமிரேட்டுகள், ஸௌதி அரேபியா, குவைத் முதலிய வளைகுடா நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வந்தது. ஆலைகள் சோம்பிக் கிடப்பதனால் அல்ல. முன்னே சுள்ளியும் வறட்டியும் எரித்த கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சமையல் வாயு போய்ச் சேர்ந்தது. அந்த வேகத்துக்கு ஆலைகள் பெருகவில்லை. 2006-ல் அமைந்த தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏழைகளுக்கு இலவச அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. அடுப்பைக் கொடுப்பது நல்ல காரியம். அது ஒரு நாள் காரியம். வாயு என்பது மாதா மாதம் வேண்டிய பொருள். அதன் விலையை நிர்ணயிப்பது அரபுக் கடற்கரையில். அங்கே விலை துள்ளினால் ஒலக்கூரில் மண்ணடுப்பு புகைகிறது.

இதற்குப் பரிகாரமே இல்லையா என்றால், ஓரளவு உண்டு. அதைச் செய்தவர்களும் நம்மவர்களே. இந்தியன் ஆயில் ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கூடம் 1972 முதல் பரீதாபாதில் இருக்கிறது. எண்ணெய் பிளக்கும் முறையிலும் பொடியிலும் மாறுதல் செய்து, பெட்ரோலைவிடச் சமையல் வாயு அதிகமாய் வரும்படியாக ‘இண்ட்மாக்ஸ்’ என்ற சொந்த முறையொன்றை அங்குள்ளவர்கள் கண்டுபிடித்தார்கள். சிறிய அறைகள் கொண்ட ஸியோலைட்டையும் பொடியோடு சேர்த்தால், சின்னத் துண்டுகள் அதிகமாய்க் கிடைக்கும். சூட்டையும் சற்றுக் கூட்டுகிறார்கள். 2003-ல் குவாஹாத்தியில் சிறிய அளவில் நடத்திப் பார்த்தார்கள். பிறகு ஒரிஸ்ஸாவில் பாரதீப் ஆலையில், வருஷத்துக்கு 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கனத்த எண்ணெயைப் பிளக்கும் பெரிய யந்திரமாகவே நிறுவினார்கள். இத்தகைய நுட்பத்தை நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் நாம் வெளிநாட்டாருக்குக் காணிக்கை கட்டித்தான் பெற்றோம். பத்திரிகைகளில் இந்தச் செய்தி எத்தனை அங்குலம் இடம் பெற்றது என்று தேடிப் பார்த்தால் நம் தொழிலைப் பற்றியே நமக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆனால் கச்சா எண்ணெயே நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. நம் ஊக்கிப் பொடி எவ்வளவு சமர்த்தாயிருந்தாலும், வாயுவாகக் கப்பலில் வருவதை எண்ணெயாகக் கப்பலில் வருவித்துப் பிளக்கிறோம் என்ற அளவுக்குத்தான் அது உதவும். அதிலும் லாபம் உண்டு. எண்ணெயைப் பல தேசங்களில் வாங்கலாம், பல மாதம் சேர்த்து வைக்கலாம். வாயுவைச் சேர்த்து வைப்பது கடினம். ஒலக்கூர் மருமகள் மட்டும் அதுவரை காத்திருக்க முடியாது. அவளைப் போன்றவர்களுக்கு விறகுப் புகை போக ஒரு நல்ல புகைபோக்கி அடுப்பாவது கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய செலவல்ல.

ஊட்ரியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தாம் பெருக்கிக் கொடுத்த பெட்ரோல் நகரங்களின் காற்றைக் கெடுக்கிறதே என்று அவர் பிற்காலத்தில் கவலைப்பட்டார். மோட்டார்ப் புகையையும் ஓர் ஊக்கியால் சுத்தப்படுத்தும் சாதனத்தை உண்டாக்கினார். அந்நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். ஈயம் அந்த ஊக்கிக்கு விஷம். ஆகவே சாதனம் பயன்படாமலே கிடக்க, 1962-ல் ஊட்ரி காலமானார். நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புது மோட்டார்களுக்கு அது வந்தது 1995-ல். பெட்ரோலிலிருந்து ஈயம் அடியோடு நீங்கியது 2000-ல்.

அந்தக் கவலை மணலிக்கும் உரியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலியில் சுத்தி ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றின் கழிமுகம் வழியே எண்ணூர்க் கடல்வரை பரவிற்று. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. நாரைகளும் கூழைக்கடாக்களும் சிறகு கறுத்து நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணையை எடுத்தது. கனத்த எண்ணெயை இரண்டு விநாடியில் பிளக்கத் தெரிந்த யுகத்தில், தண்ணீர் மேல் மிதந்த எண்ணெயை எடுப்பதற்கு எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள் படகில் போய், கையில் வாளியும் குவளையுமாக அள்ளினார்கள். பல நாள் அள்ளியும் அலையாத்திச் செடிகளின் வேரில் ஒட்டியது போகவில்லை. இறால் பிடித்து விற்ற குடும்பங்கள், வலையைக் கழுவுவதா எறிவதா என்று தெரியாமல் கரையில் குவித்து வைத்திருந்தன.